போற எடம்

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சி உறையூரில் என் தங்கை வீட்டில் இருந்தேன். தங்கை வீட்டுக்காரர் வழியில் ஒரு பெரியவர் வந்திருந்தார். நல்ல மனிதர். வெறுங்கையோடு படியேறாதவர். தங்கையின் எட்டு வயதுச் சின்னவளைப் பிடித்து அருகில் இழுத்து, "தாத்தாவுக்கு ஒரு முத்தம் குடு பாப்போம்" என்றார்.

"வேணாம் தாத்தா" என்றாள் அவள்.

"அட, ஒண்ணே ஒண்ணு."

"வேணாம்."

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. என் இடது கை தானாக வலது மேல்கையின் உட்பக்கத்துக்குப் போயிற்று. அம்மா கிள்ளுகிற இடம் அது. விருந்தாளி கேட்டு நாங்கள் மறுத்தால் முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல் வரும். சிரித்த முகம் விருந்தாளியின் பக்கம் இருக்கும், திருகுகிற விரல் எங்கள் பக்கம் இருக்கும். வலி பொறுக்காமல் பாடியிருக்கிறோம், ஆடியிருக்கிறோம், முத்தமும் கொடுத்திருக்கிறோம்.

தங்கை அடுப்படியிலிருந்து டம்ளரோடு வந்தாள். "அவளுக்கு வேணாமாம் மாமா. காபி ஆறிரும், எடுத்துக்குங்க" என்றாள். அவள் குரலில் கோபமும் இல்லை, மன்னிப்புக் கேட்கிற தொனியும் இல்லை. பெரியவர் காபியை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அவர் வாங்கிவந்த ஆப்பிள்களில் இருந்த ஸ்டிக்கர்களை எல்லாம் உரித்து அவருடைய கைக்கடிகாரப் பட்டையில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தாள் சின்னவள். அவரும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு சின்ன விஷயம். ஆனாலும் அந்த "வேணாமாம்" என்ற சொல்லுக்கு எங்கள் குடும்பம் வந்து சேர ஐம்பது வருஷம் பிடித்திருக்கிறது.

நாங்கள் வளர்ந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில், அன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் இடையில் ஒரு சிற்றூரில். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கல் உடைக்கிற வேலை. எண்பதுகளில் அம்மா எங்களிடம் பேசிய பேச்சில் பாதி "போற எடத்துல" என்றுதான் தொடங்கும். "போற எடத்துல இப்புடித்தான் கூட்டுவியா, மூலையில குப்பைய வச்சுக்கிட்டு?" "போற எடத்துல என்னையத்தான் கேப்பாக, வளத்தவ எவன்னு." சத்தமாகச் சிரித்தால் போற எடம். வாசல்படியில் உட்கார்ந்தால் போற எடம். இரண்டாம் தடவை குழம்பு கேட்டால் போற எடம். பார்த்தே இராத ஒரு மாமியார் எங்கள் வீட்டுத் திண்ணையில் எந்நேரமும் உட்கார்ந்து எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் நான் அவளுக்கு ஒரு முகம்கூட வைத்திருந்தேன். கடைத்தெருவில் எண்ணெய் அளக்கிற அம்மாவின் முகம், இரண்டு பக்கமும் மூக்குத்தி.

தம்பிக்குப் போற எடம் கிடையாது. அவன் குப்பையை மூலையில் வைத்தாலும் கூடத்தில் வைத்தாலும் கேட்க ஆள் இல்லை.

அம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். 1975-ல் அவளுக்குக் கல்யாணம். வயது பதினேழு. அன்றைக்கிருந்த சட்டப்படி மணப்பெண்ணுக்குப் பதினைந்து நிறைந்தால் போதும். அது பதினெட்டானது 1978-ல்தான். வந்த மறுநாள் அத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி போடுவதென்று தெரியாமல் குறைத்துப் போட்டுவிட்டாள். அப்பத்தா சாகிறவரைக்கும் நல்லது கெட்டதுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஒரு படி அரிசிக்காகத்தான் அம்மா எங்களைப் பன்னிரண்டு வருஷம் பழக்கினாள். மழை வருமுன் கூரை வேய்கிற மாதிரி, அவளுக்குத் தெரிந்த அன்பு அது. அந்தக் கூரைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அவளே நிமிர்ந்து நின்றதில்லையே.

1991-ல் மாவட்டத்துக்கு அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, ஏனம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெண்கள் சிலேட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மந்தைக்குப் போவார்கள். இரண்டாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போன அம்மாவும் போனாள். எழுத்தோடு கூடவே சைக்கிளும் வந்தது. யார் யோசனையோ, அபாரமான யோசனை. சைக்கிள் ஓட்டத் தெரிந்தால்தான் பெண்கள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்க முடியும், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு போகிற இடமெல்லாம் ஒலித்தது. 1992 மகளிர் தினத்தில் 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் போனார்கள். பிற்பாடு பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்தக் கதையை எழுத, வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்தது.

அம்மா அந்த ஊர்வலத்தில் இல்லை. அன்றைக்கு அவள் கண்மாய்க்கரையில் விழுந்துகொண்டிருந்தாள். முப்பத்து நான்கு வயதில், நிலா வெளிச்சத்தில், பக்கத்து வீட்டுச் சின்னம்மா பின்னால் பிடித்துக்கொள்ள, நாங்கள் மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்க விழுந்தாள். முழங்கையில் ரத்தம். பொம்பளை சிரித்தால் போச்சு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே அம்மா, சேலையில் சேறோடு தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கடைகளில் லேடீஸ் சைக்கிள் இருப்பு தீர்ந்துபோன சமயம் அது. பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பலருக்கு அதுதான் வசதியாகவும் இருந்தது, நடுவில் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே. குடுமியான்மலைக் கல்குவாரிக்குப் போன பெண்கள்கூட அப்படித்தான் போனார்கள். அப்பாவின் பழைய சைக்கிளில் தங்கையைப் பாரிலும் என்னைக் கேரியரிலும் ஏற்றிக்கொண்டு அம்மா அன்னவாசல் சந்தைக்குப் போனாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் அவர் செய்த பெரிய உதவி.

பிறகு எனக்கும் அம்மாவே சொல்லிக்கொடுத்தாள். "முன் சக்கரத்தையே பாத்தா விழுந்துருவ. எட்டக்கப் பாருடி" என்றாள். யோசித்துப் பார்த்தால், அவள் எனக்குச் சொன்னவற்றில் திண்ணை மாமியாருக்குச் சம்பந்தமில்லாத முதல் வாக்கியம் அது. எனக்காக, என் கால்களுக்காக, அந்த நிமிஷத்துக்காகச் சொன்னது.

கதையை இங்கேயே நிறுத்தினால் அழகாக இருக்கும். மறு வருஷம் நான் வயசுக்கு வந்தேன். கொல்லையில் பச்சை ஓலை கட்டிப் பதினாறு நாள் உள்ளே வைத்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய், குறுக்கே ஓர் உலக்கை. பதினாறாம் நாள் தாய்மாமன் சீர் வந்தது. ஒலிபெருக்கி வைத்து, எனக்கு நடந்ததைப் பக்கத்து ஊருக்கும் சொன்னார்கள். என் கணக்கு வாத்தியார் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் வகுப்பில் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. சைக்கிளும் போயிற்று. "ஒரு வருசம் போவட்டும்" என்றாள் அம்மா. அந்தப் பதினாறு நாளும் காலையில் அவள் சைக்கிள் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவதை ஓலை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரொம்ப நாள் இதற்காக அம்மா மேல் கோபமாக இருந்தேன். இப்போது கொஞ்சம் புரிகிறது. அவள் பெயர் கெட்டால் அது அவளோடு போகும். என் பெயர் அவளுக்குச் சொந்தமானதில்லை, அது போற எடத்துக்கு ஒப்படைக்க வேண்டிய பொருள். கீறல் விழக்கூடாது. தன்னை அவிழ்த்துக்கொள்ளத் துணிந்த பெண்கள் பலர் மகளை இன்னும் இறுக்கிக் கட்டியதற்கு இந்தப் பயம்தான் காரணமென்று நினைக்கிறேன்.

எங்கள் ஊருக்கு இது புதிதும் அல்ல. முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது 1886-ல், இதே புதுக்கோட்டையில். மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. பையன்கள் பார்க்காதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டவர். அவரைப் படிக்கவைக்க முன்னால் நின்றவர் அப்பா. அம்மா சந்திரம்மாளுக்கு மகளின் கல்யாணம்தான் கவலை. டாக்டராகி, மேலவைக்குப் போய், அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை கட்டிய மகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். எனக்கு என்னவோ அந்த அம்மாவிடம்தான் அடிக்கடி மனசு போகிறது. மகளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தவர் என்று சொல்லிவிடுவது சுலபம். பொட்டுக்கட்டும் மரபு வந்த வழியில் பிறந்த பெண்ணுக்கு, மகளின் முறையான கல்யாணம் எவ்வளவு பெரிய கனவாக இருந்திருக்கும்.

அம்மாவிடம் "போற எடம்" என்ற பேச்சு நின்றது எப்போது என்று தங்கையும் நானும் ஒருநாள் யோசித்துப் பார்த்தோம். நான் புதுக்கோட்டை மகளிர் கல்லூரியில் படித்தபோதும் இருந்தது. எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தபோதும் இருந்தது. தங்கைதான் சொன்னாள்: "அப்பா செத்ததுக்கு அப்புறம்க்கா. பத்திர ஆபீஸ்ல."

உண்மைதான். 1989-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆகிப்போன மகள்களுக்கு இல்லை. 1975-ல் கல்யாணமான அம்மா கோட்டுக்கு அந்தப் பக்கம். நாங்கள் பாவாடை கட்டித் திரிந்துகொண்டிருந்ததால் இந்தப் பக்கம். 2005-ல் நாடு முழுவதற்கும் மத்தியச் சட்டத்தைத் திருத்தியபோது கல்யாணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் அம்மா தன் அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, பதிலுக்கு வந்த அரக்குப் பட்டைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டாள். ஒரே ஒருமுறை உடுத்திப் பார்த்தேன் அந்தச் சேலையை. கனம் என்றால் அப்படி ஒரு கனம்.

அப்பா போனபின் பங்கு பிரிக்கும் பேச்சு வந்தபோது, சித்தப்பா முறையுள்ள ஒருவர் வழக்கம்போலச் சொன்னார், "பொட்டப் புள்ளைக கையெழுத்துப் போட்டுக் குடுத்துரும்." அம்மா வெற்றிலையை மடித்தபடியே, "எதுக்குப் போடணும்? அதுகளும் இந்த வீட்டுல பொறந்ததுதான" என்றாள். தம்பியும் ஒன்றும் மறுக்கவில்லை. எனக்கும் தங்கைக்கும் வந்தது ஆளுக்கு முக்கால் ஏக்கர் மானாவாரி. விற்றால் திருச்சியில் ஒரு கார் நிறுத்துகிற இடம்கூட வாங்க முடியாது. ஆனால் பட்டாவில் என் பெயரைப் பார்த்தபோது முழங்கால் லேசாக நடுங்கியது. போவதற்கென்றே வளர்க்கப்பட்டவளுக்கு இருப்பதற்கும் ஓர் இடம்.

அரசாங்கமும் மெல்ல மெல்ல இந்தப் பேச்சை மாற்றிக்கொண்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அதே 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாண உதவித் திட்டம் வந்தது. எட்டாவது வரைக்குமாவது படித்த ஏழைப் பெண்ணுக்கு 5000 ரூபாய். கல்யாணத்தைக் காட்டித்தான் அன்றைக்குப் படிப்பை விற்க முடிந்தது. 2011-ல் அதோடு தாலிக்கு நாலு கிராம் தங்கம் சேர்ந்தது, பிறகு எட்டு கிராம் ஆனது. 2022-ல் அதே திட்டத்தை மாற்றிப் புதுமைப் பெண் என்று பெயர் வைத்தார்கள். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்ணின் கணக்கில் மாதம் 1000 ரூபாய். தாலிக்குப் போன பணம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் போகிறது. தங்கம் நின்றுபோனதில் வருத்தப்பட்ட அம்மாக்கள் என் பள்ளியிலேயே உண்டு, அவர்கள் கணக்கும் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் பன்னிரண்டாவது முடிக்கிற பிள்ளைகள் "அந்த ஆயிரம் என் கணக்குலதான டீச்சர் வரும்?" என்று கேட்கும்போது "என்" என்பதை அழுத்திச் சொல்கிறார்கள்.

தங்கையின் வீட்டுக்கு வருகிறேன். அவளுடைய இரண்டு மகள்களுக்கும் இரண்டு முதலெழுத்து, அம்மாவுடையதும் அப்பாவுடையதும். பள்ளியில் சேர்க்கும்போது எதற்கு இரண்டு என்று கேட்டிருக்கிறார்கள். "ரெண்டு பேரும்தான பெத்தோம்" என்றாளாம். உடம்பின் எல்லா உறுப்புக்கும் அந்த வீட்டில் பெயர் உண்டு. எங்களுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாமே "அங்க"தான். பெரியவளுக்கு ஒன்பது வயதிலேயே தூரம் என்றால் என்ன என்று தங்கை படம் போட்டு விளக்கி, நாப்கினைப் பிரித்து மேசையில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். எனக்குக் கிடைத்தது அப்பத்தாவின் பழைய சேலைக் கிழிசலும், "யார்ட்டயும் சொல்லாத" என்ற ஒரு வாக்கியமும். சொல்லக்கூடாதென்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கி வைத்ததுதான் வேடிக்கை.

2011 வாக்கில் அரசுப் பள்ளிகளில் இலவச நாப்கின் தரத் தொடங்கியபோது, பொட்டலத்தைச் செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுத்தோம். இன்றைக்கு என் வகுப்புப் பெண்கள் கையை உயர்த்தி, "டீச்சர், நாப்கின் தீந்துருச்சு" என்கிறார்கள். பின்பெஞ்சுப் பையன்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சில பேர் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

போன வருஷம் பெரியவள் வயசுக்கு வந்தாள். பதினொன்று. ஊரில் அம்மாவுக்கு ஆசை: மண்டபம் பிடிக்க வேண்டும், பிளக்ஸ் வைக்க வேண்டும், தம்பி சீர் கொண்டுவர வேண்டும். தங்கை முடியாது என்றாள். இருவருக்கும் நடுவே போன் கொதித்தது. கடைசியில் யாரோ, தம்பிதான் என்று நினைக்கிறேன், "அதுகிட்டயே கேளுங்களேன்" என்றான். பெரியவள் இரண்டு நாள் யோசித்துச் சொன்ன பதில் யாரையும் முழுசாகத் திருப்திப்படுத்தவில்லை. பட்டுப்பாவாடை வேண்டும். அம்மாச்சி கையால் உளுந்தங்களி வேண்டும். ஊரைக் கூப்பிடக் கூடாது. போட்டோ யாருக்கும் அனுப்பக் கூடாது. மாமா சீர் கொண்டுவரலாம், ஆனால் மீன் தொட்டியாக. ஆறு தாம்பாளம் பழத்துக்கும் பூவுக்கும் நடுவில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியைத் தம்பி தோளில் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறினான். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் எங்களுக்கும் மட்டும் சோறு. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே களி கிண்டினாள். கிண்டி முடிக்கும்போது பேத்திக்கு நல்லெண்ணெய் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது தங்கையின் வீட்டுச் சட்டம். சின்னவள் நல்ல கருப்பு, என்னைப் போல. எனக்குப் பத்து வயதிலிருந்து கடலைமாவும் பாலாடையும், பிறகு மாத பட்ஜெட்டில் ஒரு சிவப்பழகு கிரீமும். அம்மாவே தன் விரலால் தேய்த்துவிடுவாள், அவ்வளவு பரிவோடு. அந்தப் பரிவுதான் எனக்கு என் முகத்தைப் பற்றிச் சொன்னது. கிரீம் விற்ற கம்பெனி 2020-ல் பெயரிலிருந்து வெள்ளை என்று பொருள்படும் சொல்லை எடுத்துவிட்டது. டியூப் அதே கடையில்தான் தொங்குகிறது.

சின்னவளின் பள்ளி ஆண்டுவிழாவில் பாரதமாதா வேஷத்துக்கு வழக்கம்போல வகுப்பிலேயே சிவப்பான பிள்ளையைப் போட்டார்கள். தங்கைக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய் டீச்சரிடம், நிறம் பார்த்துத்தான் வேஷம் கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டாள். அவர்களும் சங்கடப்பட்டு, சரி இந்த முறை உங்கள் மகளே இருக்கட்டும் என்றார்கள். வெற்றியோடு வீட்டுக்கு வந்து சொன்னால், பிள்ளை தரையில் புரண்டு அழுகிறது. பாரதமாதாவுக்குப் பக்கத்தில் வருகிற புலி வேஷம் அவளுக்கு. மூன்று வாரமாக உறுமிப் பழகியிருக்கிறாள். பாரதமாதா சும்மா நிற்கத்தானே வேண்டும், புலிதான் நடக்கும். மறுநாள் தங்கை திரும்பப் போய், மன்னிக்க வேண்டும், புலியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். "இவளுக ஆசையக் கேக்காமயே இவளுகளுக்காகச் சண்ட போட்டுருக்கேன்க்கா" என்று அன்றைக்குச் சிரித்தாள். ஆண்டுவிழாவில் புலிக்குத்தான் கைதட்டல் அதிகம். பெரியம்மா சொல்கிறேன், நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

சின்னவளால் தங்கைக்குச் சிரமம் இல்லை. வாய் இருக்கிறது, சத்தம் இருக்கிறது, இந்தக் காலம் பெண்பிள்ளையிடம் எதிர்பார்ப்பதெல்லாம் இருக்கிறது. சிரமம் பெரியவளால். அவள் பேசமாட்டாள். அம்மாவிடம் பேசுவாள், தங்கச்சியிடம் பேசுவாள், என்னிடம் ஏதோ கொஞ்சம். பள்ளியில் டீச்சர் கேட்டால் பதில் சொல்வாள், அத்தோடு சரி. எங்கள் காலத்தில் இப்படி ஒரு பிள்ளை பிறந்திருந்தால் "அடக்கமான புள்ள" என்று ஊரே தூக்கி வைத்திருக்கும். இன்றைக்குப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் "ரொம்ப அமைதியா இருக்கா, கொஞ்சம் பாத்துக்குங்க" என்கிறார்கள், ஏதோ காய்ச்சல் என்பது போல. உறவுக்காரர்கள் போனில் வீடியோவைத் திருப்பி, "பொம்பளப் புள்ள தைரியமா பேசணும், எங்க, பேசு" என்கிறார்கள். பேசாதே என்று அடித்த கூட்டம் இப்போது பேசு பேசு என்று விரட்டுகிறது.

தங்கையும் விழுந்தாள் அதில். சனிக்கிழமை மேடைப்பேச்சு வகுப்பில் சேர்த்துவிட்டாள். நல்ல வகுப்புதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று சனிக்கிழமை போனாள் பெரியவள். நான்காவது சனிக்கிழமை காலையில் சாப்பிட்ட இட்லியை வாந்தி எடுத்தாள். ஐந்தாவது சனிக்கிழமையும் வாந்தி. நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். துடைத்துக்கொண்டே தங்கை சொன்னாள், "இப்புடி இருந்தா நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போனா என்னடி பண்ணுவ? இன்டர்வியூன்னு போற எடத்துல வாயத் தொறக்கணும்ல?"

சொன்னவளுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு திண்ணையில் மறுபடியும் ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தடவை மூக்குத்தி இல்லை, கழுத்தில் அடையாள அட்டை.

பெரியவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டாள், "நான் எங்கம்மா போகப்போறேன்?"

வகுப்பை அன்றோடு நிறுத்தினாள் தங்கை. கட்டிய பணம் போனது போனதுதான். அதற்குப் பிறகு அவள் செய்தது வெளியில் யாருக்கும் தெரியாத காரியம். பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள், மகளைத் திடீரென்று மேடைக்குக் கூப்பிட வேண்டாம், எழுத்தில் கேட்டால் நன்றாகச் செய்வாள் என்று. உறவுக்காரர் வீடியோவில் வந்தால் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். ராத்திரி சமையல் முடிந்ததும் மீன் தொட்டிக்கு முன்னால் பெரியவளோடு போய் உட்காருகிறாள். எதுவும் கேட்பதில்லை. அது அவளுக்கு லேசான காரியமில்லை. என் தங்கைக்கு வாய் மூடி இருப்பது பட்டினி கிடப்பது மாதிரி. பத்து நிமிஷம் போனதும் பெரியவளே ஆரம்பிப்பாள்: எந்த மீன் எதைத் துரத்துகிறது, எது இரவில் நிறம் மங்குகிறது, தண்ணீரை ஒரேயடியாக மாற்றினால் ஏன் செத்துப்போகும். ஒரு பழைய டைரியில் தினமும் எழுதுகிறாள். படிக்கத் தருவதில்லை. நாங்களும் எடுத்துப் பார்ப்பதில்லை. தங்கை ஒருதடவை பார்த்துவிட்டாளோ என்று எனக்குச் சந்தேகம், கேட்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தோம். கண்மாய் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அம்மாவுக்கு அறுபத்தேழு. முழங்கால் வலி, சைக்கிளை விட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. வண்டி மட்டும் தாழ்வாரத்தில் சாய்ந்து நிற்கிறது, துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள். சின்னவள் அதில் குரங்குப்பெடல் அடிக்கப் பார்த்துக் கீழே போட்டு, மணியை உடைத்து, தம்பியிடம் திட்டு வாங்கி, திருப்பித் திட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பெரியவளைக் காணவில்லை. அம்மாவையும் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் கண்மாய்க்கரையில் படித்துறைக்கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. கொஞ்சம் பின்னாலேயே நின்றுகொண்டேன். தண்ணீரில் ஓரிடத்தில் குமிழ் வெடித்து வட்டம் போட்டது.

"விரா மூச்செடுக்குது" என்றாள் அம்மா.

"அது மேல வந்துதான் மூச்சு விடணும் அம்மாச்சி. காத்த நேரா எடுத்துக்கும். விடலைன்னா தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டிச் செத்துரும்."

"அதான் தண்ணி வத்துனாலும் சேத்துக்குள்ள கெடக்கா?"

"ஆமா. நீங்க பாத்திருக்கீங்களா?"

"புடிச்சே இருக்கேன். ஒங்க அம்மா வயசுல இருக்கயில, கோடைக்கு, சேத்துக்குள்ள கைய விட்டு. வழுக்கும் பாரு."

பெரியவள் டைரியைத் திறந்து ஏதோ எழுதினாள். கரைமேல் மாட்டை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். நின்று பார்த்தார். "என்னத்தா, பொழுது சாஞ்சு போச்சு, வயசுக்கு வந்த புள்ளையக் கண்மாய்க்கரையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்க" என்றார்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "சத்தம் போடாமப் போங்கண்ணே" என்றாள். "மீனு கலையுது."